கொள்ளாம்

நாஞ்சில் நாட்டுக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்கு ‘கொள்ளாம்’ என்ற சொல்லை முதலில் அறிமுகப்படுத்திவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சாப்பாடு கொள்ளாம், மழை கொள்ளாம், வந்த மாப்பிள்ளை கொள்ளாம், பிள்ளைகள் வாங்கின மார்க்கும் கொள்ளாம். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மலையாளத்துக்கும் எங்களுக்கும் பொதுவான சொல். ஆனால் ‘நன்றாக இருக்கிறது’ என்று முழுதாகச் சொல்வதற்கும் இதற்கும் ஒரு நூலிழை வித்தியாசம் உண்டு. நன்றாக இருக்கிறது என்றால் எது நன்றாக இருக்கிறது என்று எதிராளி கேட்கக்கூடும். கொள்ளாம் என்று சொன்னவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. பேச்சு அதோடு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

கொள்ள ஆம், கொள்ளலாம் என்பதன் குறுக்கம்தான் அது. கொள்ளுதல் என்றால் ஏற்றுக்கொள்ளுதல். வாங்குதல் என்றும் பொருள் உண்டு. கொள்முதல் என்கிறோம் அல்லவா? ஆக, விலை கொடுத்து வாங்கத் தகுந்தது என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டிய சொல் அது. வேடிக்கை என்னவென்றால் கொள்ளாம் என்று சொல்லுகிறவன் பெரும்பாலும் வாங்குவதில்லை.

இந்தச் சொல்லை நான் ஆறு வருஷ காலம் என் மைனியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மைனி என்றால் அண்ணன் மனைவி. அவள் வீட்டில் உட்கார்ந்து தைக்கிற சின்னச் சின்ன பொம்மைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் இதை ஆரம்பிக்கிறேன். கைவேலையைப் பற்றிய விமர்சனம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். விமர்சகனைப் பற்றிய விமர்சனம் என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

மைனிக்கு ஒழுகினசேரியில் வீடு. அண்ணன் காலமான பிறகு, பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, அந்த நீளமான பழைய வீட்டில் அவள் ஒருத்திதான். பகல் பொழுது அங்கே மிகவும் பெரியது. பேத்தி பிறந்த வருஷம் அவளுக்கென்று ஒரு யானை தைத்தாள். ஃபெல்ட் துணியில் வெட்டி, உள்ளே பஞ்சு திணித்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற யானை. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஒன்று கேட்டாள். அவளுடைய தங்கை ஒன்று கேட்டாள். இப்போது முயல், நரி, மீன், கிளி, மூக்குக் கண்ணாடிக்கு உறை, சில்லறைப் பை, தலைக் கிளிப்பில் வைக்கிற பூ, சாவிக் கொத்தில் தொங்கவிடுகிற பொம்மை என்று ஒரு மரப்பெட்டி நிறைய இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து புதிதாகச் செய்ததை எடுத்துக் காட்டுவாள்.

“கொள்ளாமா தம்பி?”

“கொள்ளாம் மைனி.”

காப்பி வரும். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இந்தத் துணியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஆட்டு ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் கொடுத்து, அழுத்திக் கசக்கினால், அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு பிரிக்க முடியாத தகடாகிவிடுகின்றன. நம் ஃபேன்ஸி கடைகளில் தாள் தாளாக விற்பது பெரும்பாலும் ரோமமே அல்ல. பாலியஸ்டர் இழைகளை ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னிக்கொள்ளும்படி செய்தது. எதுவானாலும் குணம் ஒன்றுதான். வெட்டின ஓரம் பிசிர் விடாது. ஓரம் மடித்து அடிக்க வேண்டியதில்லை. உள்பக்கமாகத் தைத்து வெளியே திருப்ப வேண்டியதில்லை. இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வெளிப்பக்கமாகவே காஜாத் தையல் போட்டுக்கொண்டு போய், கடைசி ஒரு விரற்கடையை மூடுவதற்கு முன் பஞ்சைத் திணித்தால் பொம்மை. மெஷின் வேண்டாம், மேசை வேண்டாம், மடி போதும். வீட்டில் இருக்கிற பெண்கள் பல தேசங்களிலும் இந்தத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சௌகரியம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

போன ஓணத்துக்குப் பெங்களூரிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். ஒன்றரை வயதுப் பேரன் தரையில் உட்கார்ந்து ஒரு முயலைக் கடித்துக்கொண்டிருந்தான். பேசிக்கொண்டிருந்த நாங்கள், அவன் எழுப்பிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டதை உணரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் சிவந்து, கண் பிதுங்கி, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தான். மருமகள் பாய்ந்து எடுத்து, கையில் கவிழ்த்துப் போட்டு, முதுகில் ஓங்கித் தட்டினாள். நாலாவது தட்டிலோ ஐந்தாவது தட்டிலோ இருமலோடு ஒரு கறுப்பு மணி தரையில் விழுந்து உருண்டது. முயலின் கண்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அரைமணி நேரத்தில் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த முயல் இரண்டு மாதங்களுக்கு முன்பே என் கைக்கு வந்திருந்தது. அதன் இடது கண் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். விரலால் தொட்டுங்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொள்ளாம் என்றேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குப் போன பிறகு மைனி கேட்டாள்.

“அது ஆடிச்சுன்னு உனக்குத் தெரியுமா தம்பி?”

“தெரியும் மைனி.”

“பின்னே ஏன் சொல்லல்ல?”

நான் பேசாமல் இருந்தேன்.

“ஊரான் எழுதின நாவல்ல ஒரு வார்த்தை தப்புன்னு நாலு பக்கம் எழுதுகே. எனக்க முயலுக்குக் கண்ணு ஆடுதுன்னு சொல்ல வாய் வரல்லையாக்கும்?”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். தனியாக இருக்கிறவள், மனம் புண்படக்கூடாது என்ற பரிவு என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு பொருளில் குறை சொல்ல வேண்டுமானால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கவனித்ததை வார்த்தையாக்குகிற அளவுக்கு அது முக்கியம் என்று நினைக்க வேண்டும். மைனியின் பொம்மைகளை நான் அப்படி நினைக்கவில்லை. பரிவு என்று நான் பெயர் வைத்திருந்தது அலட்சியம். இலக்கியத்தில் இதை நான் நன்றாக அறிவேன். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினபோது, ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொள்கிற வழக்கத்துக்கு எதிராக அது விமர்சனத்துக்கு இடம் கொடுத்தது என்பதை எத்தனை மேடைகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! அந்தப் பெருமை ஒழுகினசேரி வாசற்படியோடு நின்றுவிட்டிருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்லத் தெரியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவியலில் காய் ஒரே அளவாக நறுக்கப்படவில்லை என்றால் அது பந்தி முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எரிசேரிக்குத் தேங்காய் ஒரு நிமிஷம் அதிகமாக வறுபட்டதையும், பிரதமனில் சர்க்கரைப் பாகு ஒரு பதம் முந்தினதையும் கண்டுபிடிக்கிற நாக்குகள் இங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். கைகழுவப் போகிற வழியில் வைப்புக்காரரை நிறுத்தி, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வெற்றிலை போடுவார்கள். அவரும் கேட்டுக்கொள்வார். அவருக்கு அது அவமானம் அல்ல. தன் வேலை வேலையாக மதிக்கப்படுகிறது என்பதற்கு அது அத்தாட்சி.

தோவாளைக்குப் போனாலும் அப்படித்தான். அங்கே கட்டுகிற மாணிக்கமாலையில் அரளிப் பூக்களையும் நொச்சி இலையையும் மடித்து வரிசை வரிசையாகக் கோத்து, பாய் முடைந்தது போலத் தட்டையாக, மணிகள் பதித்தது போல ஆக்கிவிடுகிறார்கள். 2025-ல் அந்த மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வரிசை கோணினாலும் கண்ணில் குத்தும். வாங்க வந்தவன் சொல்லாமல் விடமாட்டான். தட்டானிடம் கேளுங்கள், தச்சனிடம் கேளுங்கள், இதையே சொல்லுவார்கள். அவர்களுடைய வேலையை மக்கள் திருப்பிப் பார்க்கிறார்கள், தட்டிப் பார்க்கிறார்கள், பேரம் பேசுகிறார்கள், குறை சொல்கிறார்கள், பிறகு பணம் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு பெண் தைத்ததற்கு மட்டும் இது எதுவும் இல்லை. அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குக் கொள்ளாம் போதும்.

இந்த எண்ணம் வேறு ஊரில் இருந்தால் மன்னிக்கலாம். நாகர்கோவிலில் இருக்கக்கூடாது. ஏனென்றால், வீட்டிலிருந்து பெண்கள் செய்கிற ஊசி நூல் வேலை உலகச் சந்தைக்குப் போகத் தொடங்கிய மிகப் பழைய இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ல் இங்கே வந்தார்கள். பெண் குழந்தைகளுக்காக நடத்திய விடுதிப் பள்ளியில் திருமதி மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1821-ல் இது தொடங்கியதாகச் சொல்லுகிறார்கள். திண்டு போன்ற தலையணையின் மேல் துளையிட்ட மாதிரித் தாளைப் பரப்பி, துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு விரல் நீளம் வளர்வதற்குள் கண் பூத்துவிடும்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் லேஸ் வலை பின்னுகிற யந்திரத்துக்கு 1809-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1816-ல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து யந்திரங்களை உடைத்தார்கள். யந்திரம் அங்கே கை லேஸை நெருக்கிக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் கை லேஸ் இங்கே வந்து இறங்குகிறது. யந்திரத்தோடு அது போட்டி போட முடிந்ததற்கு அழகு ஒரு காரணம். இந்தக் கைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்த கூலி இன்னொரு காரணம்.

அந்தக் கைகள் யாருடையவை? திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது. 1855-ல்தான் அரசப் பிரகடனத்தால் ஒழிந்தது. லேஸ் கற்ற பெண்களில் அடிமைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள் என்றும், லேஸ் விற்ற பணத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள் என்றும் மிஷன் சரித்திரத்தில் சொல்லப்படுகிறது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வருஷங்களில்தான் தோள்சீலைக் கலகம் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று அடித்தார்கள். உடுத்திருந்ததைச் சந்தைகளில் கிழித்தார்கள். மிஷனரிகளின் மனைவிமார் தைக்கக் கற்றுக்கொடுத்த குப்பாயத்தை அணிந்துகொள்ளலாம், மேல்சீலை கூடாது என்று 1829-ல் ஒரு பிரகடனம் வந்தது. 1859 ஜூலை 26-ல் வந்த பிரகடனம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்ஜாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டைக்கும் கைவிளிம்புக்கும் லேஸ் பின்னிக்கொடுத்த பெண்களில், தன் மார்பை மறைக்கத் தடை இருந்த ஜாதிகளில் பிறந்தவர்கள் உண்டு. இந்த மண்ணில் ஊசியும் நூலும் பொழுதுபோக்கு என்று சொல்ல எவனுக்காவது நாக்கு எழலாமா?

ஆனால் லேஸ் விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே கொள்ளாம் என்று மழுப்பவில்லை. கண்டிப்பான கண்கள் பார்த்தன. ஒரு முடிச்சு பிசகினால் விலை போகாது. அந்தக் கண்டிப்பினால்தான் வேலை உயர்ந்தது, பேரும் பரவியது. பரவிய பேர் ஊருடையது, மிஷனுடையது. பின்னியவள் பேர் ஒன்றுகூட லேஸோடு போகவில்லை. குறை கண்டுபிடிக்க ஆள் இருந்தது. நிறை கண்டு பேர் சொல்ல ஆள் இல்லை.

ஆந்திரத்தில் நரசாபூர் லேஸ் இதைவிடப் பெரிய வியாபாரம். அங்கே வீட்டிலிருந்து பின்னுகிற பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பெண்மணி ஆராய்ந்து எழுதிய புத்தகம் 1982-ல் வந்தது. இவர்கள் வீட்டுப் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்று வியாபாரிகள் சொல்லுகிற பேச்சை எடுத்துக்கொண்டு, அந்த ஒரு பேச்சினால்தான் கூலி அடிமட்டத்தில் நிற்கிறது என்று அவர் காட்டுகிறார். உழைப்பை ஓய்வு என்று பெயர் மாற்றிவிட்டால் அதற்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை. மிக நல்ல புத்தகம். எனக்கு அதில் ஒரு குறை மட்டும் உண்டு. பின்னுகிறவளின் மணி நேரத்தை எண்ணுகிற அளவுக்கு அவள் பின்னினது நன்றாக வந்திருக்கிறதா, அவளுக்கு அதில் ரஸனை இருந்ததா என்று அது கேட்பதில்லை. அது அவர் எடுத்துக்கொண்ட வேலை அல்லதான். ஆனால் உழைப்பாளியாக மட்டும் பார்ப்பதும் ஒரு வகையில் பாதிப் பார்வை. தைக்கிறவளுக்குக் கூலியும் வேண்டும், அவள் தைத்ததைப் பார்க்கக் கண்ணும் வேண்டும்.

இரண்டும் ஓரளவு சேர்ந்து வந்த கதை ஒன்று எனக்குத் தெரிந்து ஃபெல்ட் பொம்மையிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கீங்கன் என்ற சிற்றூரில் 1847-ல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம். கால்கள் போயின, வலது கையிலும் பலம் இல்லை. தையல் மெஷினைத் திருப்பி வைத்துக்கொண்டு இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார் என்கிறார்கள். 1877-ல் ஃபெல்ட் உடுப்புகள் விற்கக் கடை வைத்தார். ஒரு தையல் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, குண்டூசி குத்திவைப்பதற்காகச் சின்ன யானைகள் தைத்தார். குழந்தைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் விளையாடினார்கள். குண்டூசி மெத்தை பொம்மையாயிற்று. 1880 அந்த யானையின் வருஷம். அவருடைய தம்பி மகன் ரிச்சர்ட் 1902-ல் செய்த கரடி பிறகு உலகத்தையே சுற்றி வந்தது.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது 1904-ல் அவர்கள் செய்த ஒரு காரியம். ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு உலோகப் பொத்தானைக் குத்தினார்கள். போலிகளிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. இது எங்களுடையது, இதன் நன்மைக்கும் தீமைக்கும் நாங்கள் பொறுப்பு என்று அர்த்தம். அந்தப் பொத்தானிலும் கம்பெனியின் பேர்தான் உண்டு, தைத்தவளின் பேர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பொறுப்பு ஏற்பதற்கு ஒரு இடம் பொம்மையின் உடம்பிலேயே ஏற்பட்டுவிட்டது. பேர் போட்டவனைத்தான் குறை சொல்ல முடியும். குறை சொல்ல முடிகிறவனைத்தான் மெச்சவும் முடியும்.

நம் சர்க்காரும் பொம்மைகளை விமர்சனம் செய்யத் தொடங்கியிருக்கிறது. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயம். அந்தப் பரிசோதனைகளைப் படித்தபோது, இவை நல்ல விமர்சகனுக்கு ஆகவேண்டிய பாடம் என்று தோன்றியது. கண்ணையும் பொத்தானையும் கருவியால் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். பிய்ந்து வருவதை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் போடுகிறார்கள். அழுத்தாமலே முழுதாக உள்ளே அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆகாது. அந்தக் குழாய் ஒரு குழந்தையின் தொண்டைக்குப் பதிலாக நிற்கிறது. அதனிடம் தாட்சண்யம் இல்லை, விரோதமும் இல்லை. மைனியின் மணிக்கண் அதில் பத்துப் பன்னிரண்டு அடங்கும்.

கைவினைத் துறையில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. நியாயந்தான். முத்திரைக்கும் பரிசோதனைச் சாலைக்கும் பணம் கட்ட மைனியால் முடியாது. அவளைப் போன்றவர்கள் தைப்பதையே நிறுத்த வேண்டியதுதான். ஆனால் விலக்கு என்பது முத்திரையிலிருந்துதான். குழந்தையின் தொண்டைக்கு விலக்கு ஏது? சட்டம் பார்க்காமல் விட்ட இடத்தில் பார்க்க வேண்டியவர்கள் பக்கத்திலிருக்கிறவர்கள். அதாவது நான்.

அதனால் ஆறு வருஷம் கழித்து அந்த மரப்பெட்டியை முறையாகத் திறந்து பார்த்தேன். மைனியே முன்னால் உட்கார்ந்து, “இனி கொள்ளாம்னு மட்டும் சொல்லாதே” என்று கட்டளை போட்டுவிட்டாள். பெட்டியிலிருந்த நாற்பத்திரண்டு உருப்படிகளையும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம்.

தையலில் அவளை அடிக்க ஆள் இல்லை. காஜாத் தையல் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள தூரம் மாறவே இல்லை, வளைவுகளில்கூட. ஃபெல்ட் பொம்மையில் தையல் வெளியே தெரிவதால் அதுதான் சித்திரக்காரனின் கோடு. அந்தக் கோடு அவளுக்கு வசப்பட்டிருக்கிறது. பஞ்சு திணிப்பதில் அப்படிச் சொல்ல முடியாது. கால், தும்பிக்கை போன்ற ஒடுக்கமான இடங்களைப் பஞ்சு போய் நிரப்புவதற்குள் வயிற்றை நிறைத்துவிடுகிறாள். அதனால் பல பிராணிகள் விருந்து சாப்பிட்டுவிட்டுக் கால் தளர்ந்து நிற்கின்றன. நுனியிலிருந்து, ஈர்க்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

பெரிய குறை அலங்காரம். சில்லறைப் பையில் பூ, பூவின் மேல் மணி, மணியைச் சுற்றி ஜரிகை, ஓரத்தில் லேஸ் நாடா. அதிலும் பாதி பசைத் துப்பாக்கியால் ஒட்டினது. ஃபெல்ட்டுக்கு நெசவின் ஓட்டம் இல்லை, தொங்கல் இல்லை, மடிப்பு இல்லை. அதற்கு இருப்பதெல்லாம் வெட்டின விளிம்பு ஒன்றுதான். அந்த விளிம்பை மூடுகிற ஒவ்வொரு நாடாவும் துணியின் ஒரே பலத்தை மூடுகிறது. தன் வேலையில் நம்பிக்கை இல்லாதபோதுதான் மனிதர்கள் ஜரிகை ஒட்டுவார்கள். வசனத்திலும் இப்படித்தான்.

மூன்றாவதாகச் சொன்னதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. நரியும், பனிமானும், கம்பளித் தொப்பி போட்ட ஆந்தையும் யாரோ எங்கோ வெட்டிக் கொடுத்த மாதிரித் தாளிலிருந்து வந்தவை. கை சுத்தம்; பொம்மையில் உயிர் இல்லை. அந்த நரியை அவள் பார்த்ததில்லை. நரி செய்தவளும் ஒருவேளை பார்த்திருக்கமாட்டாள். பார்த்ததைத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்க்காததைச் செய்தால், பார்க்காத குறை தெரியாத அளவுக்காவது அதைத் தனக்குள் கொண்டுவர வேண்டும்.

பெட்டியின் அடியில் ஒரு சாவிக் கொத்து கிடந்தது. அதில் ஒரு சாளை மீன். சாம்பல் ஃபெல்ட்டில் இரண்டே துண்டு. வயிற்றுப் பக்கம் வெள்ளை நூலில் ஓட்டுத் தையல். வால் பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தது. காலையில் குளச்சல்காரி வாசலில் கூடையை இறக்கினதும், மேலே கிடக்கிற மீன் எப்படி வளைந்து கிடக்குமோ அந்த வளைவு. மணி இல்லை, ஜரிகை இல்லை. கண் இருக்கிற இடத்தில் கறுப்பு நூலில் ஒரே முடிச்சு.

“இது யாரோட மாதிரி மைனி?”

“அதுக்கு என்ன மாதிரி? மீன்தானே. சும்மா வெட்டினேன். துண்டு மிஞ்சிக் கிடந்து.”

நாற்பத்திரண்டில் அது ஒன்றுதான் கலை என்றேன். அவள் நம்பவில்லை. அரைமணி நேரத்தில் முடிந்தது, அதற்குப் போய் இப்படிச் சொல்லுகிறானே என்று நினைத்திருப்பாள். முப்பது வருஷம் மீனைப் பார்த்ததையும் அந்த அரைமணியோடு கூட்ட வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்; ஒப்புக்கொண்டாளா என்று தெரியாது.

விலைக்கு வந்தோம். ஒரு யானைக்கு மூன்றரை மணி நேரம் ஆகிறது. எடுத்துக்கொள்ளுகிற கடைக்காரர் ஒருவர் கொடுப்பது 90 ரூபாய். துணியும் நூலும் பஞ்சும் அதிலேயே. “வீட்டுல சும்மா இருக்கிற நேரந்தானே அம்மா” என்பாராம். மைனிக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருக்கிறது. மாதிரித் தாளை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டதைப் போல, தன் நேரத்தைப் பற்றிய இந்த அபிப்பிராயத்தையும் அவள் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். அன்று நாங்கள் இருவரும் தாளில் கணக்குப் போட்டோம். ஊரில் ஒரு தையற்காரருக்கு மணிக்கு என்ன கிடைக்குமோ அதை வைத்துப் பார்த்தால் யானை 90 ரூபாய்க்கு அருகிலேயே வரவில்லை. அந்தத் தொகையைப் பார்த்து மைனி சிரித்துவிட்டாள். “யாரு வாங்குவா?” என்றாள். நியாயமான கேள்வி. குறை சொல்லுகிறவனுக்கு ஒரு கடமை உண்டு என்று எனக்கு அப்போது பட்டது. பேனா பிடித்தவன் வாயால் மட்டும் விமர்சனம் செய்துவிட்டுப் போனால், அதுவும் ஒரு தினுசான கொள்ளாம்தான். சாளை மீனைக் கணக்குப்படி விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். அவள் பணத்தை வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டாள். என் சாவி அதில்தான் தொங்குகிறது.

இப்போது அவள் பொம்மைகளுக்கு மணிக் கண் வைப்பதில்லை. நூலிலேயே கண் போடுகிறாள். போட்டபின் ஊசியின் காதால் நெம்பி இழுத்துப் பார்க்கிறாள். பழைய பொம்மைகளைத் தேடிப் பிடித்து, வாங்கினவர்கள் வீடு வீடாகப் போய், கண்ணைப் பிடுங்கித் தைத்துக்கொடுத்துவிட்டு வந்தாள். பதினெட்டு வீடு. எந்தக் கம்பெனியும் இதைவிட ஒழுங்காகச் செய்திருக்க முடியாது. வாங்கினவர்களில் ஒருத்தர்கூடக் கண் ஆடுகிறதென்று முன்பு அவளிடம் சொன்னதில்லையாம். எல்லோரும் கொள்ளாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

போன வாரம் போனபோது ஒரு காக்கை தைத்து வைத்திருந்தாள். மாதிரித் தாள் இல்லாமல், சமையலறை ஜன்னலில் தினமும் வந்து உட்காருகிற காக்கை. தலையைச் சாய்த்து, இவள் என்ன போடப்போகிறாள் என்று பார்க்கிற பார்வை அப்படியே வந்திருந்தது. கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

கண்ணை இழுத்துப் பார்த்தேன். கழுத்தை அமுக்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

“அலகுக்குக் கீழே பஞ்சு பத்தல்ல மைனி. தொங்குது.”

“அப்படிச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.